அப்பா வழி

வரமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். என் தங்கச்சியைத் தெரிந்த யாரும் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை நான் கடை ஷட்டரை முழுசாகத் தூக்கக்கூட இல்லை. பாதித் திறப்பில் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள். தலையில் துணி சுற்றியிருந்தாள். மருந்து ஏற்றியதில் கொட்டிப்போன முடி இப்போதுதான் திரும்ப முளைக்கிறது. ஆள் பாதியாக இளைத்திருந்தாலும் குரல் மட்டும் இளைக்கவில்லை.

"அண்ணா, ரத்தம் கொடு."

"காலங்காத்தால கண்ணாடிக் கடையில வந்து கேக்குற பொருளா இது?"

"வேற எங்க கேக்கறது? போன்லதான் டொக்குனு வெச்சுட்டியே."

நான் மேஜையில் கிடந்த கண்ணாடியில் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். கோடு கோணலாகப் போனது. அந்த ஷீட் வீண்.

விஷயம் இதுதான். அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, ஒரு பக்கத்தை எடுத்து, ஊசி மருந்தெல்லாம் முடிந்து, இனிமேல் நிம்மதி என்று நாங்கள் மூச்சு விட்ட நேரத்தில், போன வாரம் ஆஸ்பத்திரியில் இன்னொரு கல்லைத் தூக்கிப் போட்டார்கள். அவளுக்கு வந்தது பரம்பரையாக வருகிற வகையாம். மரபணுவில் ஒரு கோளாறாம். கூடப் பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டுமாம். அவளுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒருத்தரைப் பிடித்தால் குடும்பத்தையே பிடிப்பார்கள் என்பது என் கணக்கு. ஒரு பல் வலிக்கிறது என்று போய் மூன்று பல்லை அங்கே விட்டுவிட்டு வந்தவன் நான். சும்மா சொல்லவில்லை.

"இது பொம்பளைங்க சமாச்சாரம். எனக்கு எதுக்குப் பரிசோதனை?" என்றேன்.

"எனக்கு இது எங்கேருந்து வந்துச்சு? நம்ம அப்பா அம்மாகிட்டேருந்து. உன்னை என்ன கடையிலயா வாங்கினாங்க? நீயும் அதே அப்பா அம்மாவுக்குத்தானே பொறந்தே?"

"உன் அண்ணி என்ன சொல்றா தெரியுமா? பொம்பளை நோய் பொம்பளை வழியாத்தான் வரும், என் வழியில யாருக்கும் இல்லை, அதனால என் பொண்ணுங்களுக்கு வராதுங்கறா."

"அண்ணி என்னைப் பத்தி என்ன சொல்றாங்கன்னும் தெரியும். பிள்ளை பெத்துக்கலை, பால் கொடுக்கலை, போனை ஜாக்கெட்டுக்குள்ள சொருகினேன், கறுப்பு உள்ளாடை போட்டேன். அதனால வந்துச்சு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். என் பெண்டாட்டி ஒரு வார்த்தை கூடவோ குறையவோ சொல்லவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அன்றைக்குக் காலை வரை யாரிடமும் சொல்லாதது. என் இடது மார்பில், காம்புக்குப் பின்னால், கெட்டியாக ஒன்று இருந்தது. வலியில்லை. காம்பு கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பனியனில் எப்போதாவது சிவப்பாக ஒரு பொட்டு.

அதை நான் காய்ப்பு என்றே நினைத்திருந்தேன். எங்கள் தொழிலில் பெரிய ஷீட்டைத் தூக்கும்போது கையை மட்டும் நம்ப மாட்டோம். இடது நெஞ்சில் சாய்த்துத்தான் தூக்குவோம். ஆயுசு பூராவும் விளிம்பு அழுத்துகிற இடம் அது. கண்ணாடிக்காரன் எவனுடைய சட்டையைக் கழற்றினாலும் அந்த இடத்தில் தோல் தடித்துத்தான் இருக்கும். சிவப்புப் பொட்டுக்குக் கண்ணாடிச் சில்லு காரணம் என்று வைத்துக்கொண்டேன். துணி துவைக்கிற என் பெண்டாட்டியும் அப்படித்தான் வைத்துக்கொண்டாள். கண்ணாடிக்காரன் பனியனில் ரத்தம் இருந்தால் யார் கேள்வி கேட்பார்கள்?

ஆனால் தங்கச்சி ரத்தம் கொடு என்று நின்றபோது அந்தக் காரணமெல்லாம் எனக்கே போதவில்லை.

வெளியே ஹார்ன் அடித்தது. என் பெரிய மகள்.

*

பெரியவள் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவள். அவளுடைய வண்டியில் இடது பக்க சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிற ஆள் எசகுபிசகாக ஏதாவது செய்தால் பக்கத்தில் உட்கார்ந்து இவள் மிதிப்பதற்கு. அன்றைக்கு அவள் ஓட்ட, அந்த சீட்டில் நான். பின்னால் தங்கச்சி.

எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். பெண்கள் இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்றால் மனுஷன் ஏறத்தான் வேண்டும்.

தெருமுனையில் வண்டி குலுங்கி நின்றது.

"அப்பா! பிரேக்லேருந்து காலை எடுங்க."

"எதிர்ல லாரி வருது."

"அது நிக்குதுப்பா. டிரைவர் டீ குடிக்கிறாரு."

அடுத்த சிக்னலில் மறுபடியும். பின்னால் வந்தவன் ஜன்னலை இறக்கி என் பரம்பரையையே விசாரித்தான்.

"இப்படியே போனா ஆஸ்பத்திரியில நம்மளை வேற வார்டுல சேர்த்துக்குவாங்க" என்றாள் தங்கச்சி.

பெரியவள் சிரிக்கவில்லை.

"அப்பா, எங்க டிரைவர் சங்கத்துல முன்னாடி ஒரு தடவை பொம்பளைங்களுக்கு இலவசமா பரிசோதனை வெச்சாங்க. குடும்பத்துல யாருக்காவது மார்புப் புத்து இருந்திருக்கான்னு கேட்டாங்க. நான் இல்லைன்னேன். ஏன் தெரியுமா? அம்மா வழியை மட்டும்தான் நெனச்சேன். அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்தது அப்படி."

"அப்ப அத்தைக்கு வரவே இல்லையேம்மா."

"அத்தைக்கு வரலை. ஆனா உங்க அத்தை? அந்தம்மா நெஞ்சுல புண்ணு வந்து செத்தாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க? அது என்ன புண்ணுன்னு யாராவது கேட்டீங்களா?"

என் அப்பாவின் அக்கா. நெஞ்சுப் புண் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அதற்கு மேல் பேச மாட்டார்கள். பெண்பிள்ளை நெஞ்சைப் பற்றி ஆண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் எப்படிப் பேசுவது?

அப்போது என் போன் அடித்தது. சின்னவள். போன வருஷம்தான் பிள்ளை பெற்றவள். பின்னால் பிள்ளை சிணுங்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, போகாதீங்க."

"வண்டியில இருக்கேன்மா."

"எறங்கிடுங்க. எனக்குத் தெரிய வேண்டாம்ப்பா. உங்களுக்கு இருக்குன்னு வந்துட்டா, எனக்கும் இருக்குமோன்னுதானே அர்த்தம்? இவனுக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் அதையே நெனச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அக்காவுக்கு வேணும்னா அக்கா போய்ப் பாத்துக்கட்டும். நீங்க எதுக்கு எனக்கும் சேர்த்துப் பாக்கறீங்க?"

பெரியவளுக்குக் கேட்டுவிட்டது. "ஸ்பீக்கர்ல போடுங்க. ஏய், கண்ணை மூடிக்கிட்டா வண்டி மோதாதாடி?"

"உன் வண்டிப் பாடத்தையெல்லாம் உன் ஸ்டூடண்ட்டுக்கு நடத்து!"

டக்கென்று வைத்துவிட்டாள்.

இரண்டும் நான் தூக்கி வளர்த்த பிள்ளைகள். ஒருத்தி போ என்கிறாள், ஒருத்தி போகாதே என்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே பட்டது. ஆனாலும் அன்றைக்கு மூன்றாம் தடவையாக அந்த பிரேக்கை மிதிக்க நான் துணியவில்லை.

*

டாக்டர் சின்னப் பெண். என் மகள்களைவிடச் சின்னவளாக இருப்பாள். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஏமாற்றுகிறவர்கள் அவசரப்படுத்துவார்கள், இவள் அவசரப்படுத்தவில்லை.

ஒரு தாளில் படம் போட்டாள். ஆண் என்றால் சதுரம், பெண் என்றால் வட்டம். தங்கச்சியின் வட்டத்தைக் கறுப்பாக அடைத்தாள். நெஞ்சுப் புண்ணில் செத்த அத்தையின் வட்டத்தில் ஒரு கேள்விக்குறி. என் சதுரத்துக்குக் கீழே இரண்டு வட்டம்.

"அய்யா, உங்க தங்கச்சிகிட்ட இருக்கற கோளாறு உங்ககிட்டயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சரிபாதி வாய்ப்பு. உங்ககிட்ட இல்லைன்னா இது உங்க பொண்ணுங்களுக்குப் போயிருக்க முடியாது. அவங்க சோதிக்கவே வேண்டாம். இருந்தா, ஒவ்வொருத்தருக்கும் மறுபடி பாதிக்குப் பாதி."

"ஆம்பளை வழியாவும் இறங்குமா?"

"தாராளமா. அம்மா வழி எப்படியோ அப்படியேதான் அப்பா வழியும். இதைக் கேக்காம விட்டுத்தான் நெறையப் பேர் ஏமாந்துபோறாங்க."

தங்கச்சி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "டாக்டரம்மா, ஒரு சந்தேகம். கறுப்பு உள்ளாடை, செல்போன், இதனால வருமா?"

"வராதும்மா. ரெண்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கறதா எந்த ஆராய்ச்சியும் காட்டலை."

"எழுதிக் கொடுப்பீங்களா? எங்க அண்ணிக்கு ஃப்ரேம் போட்டுக் கொடுக்கணும். கண்ணாடி அண்ணன் கடையிலயே இருக்கு."

டாக்டர் சிரித்துவிட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். பிள்ளை பெறாததும் பால் கொடுக்காததும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், உண்மை. ஆனால் அதனால்தான் வந்தது என்று ஒரு பெண்ணைக் காட்டிச் சொல்ல யாராலும் முடியாது. வயது ஏறினால் ஆபத்து ஏறும். மாதவிலக்கு நின்ற பிறகு உடம்பு போடுவது, குடி, உட்கார்ந்தே இருப்பது, டாக்டரைக் கேட்காமல் வருஷக்கணக்கில் ஹார்மோன் மாத்திரை விழுங்குவது, எல்லாம் கூட்டும்.

"அப்ப நான் என்ன செய்யணும்?" பெரியவள் கேட்டாள். "நாள் பூரா கார்ல உக்காந்தே இருக்கேன்."

"நடங்க. எடையைப் பாத்துக்குங்க. குடிக்கற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. இதெல்லாம் ஆபத்தைக் குறைக்கும். வராதுன்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது. மெஷின்ல படம் எடுக்கறதும் நோயைத் தடுக்காது, சீக்கிரமா காட்டிக் கொடுக்கும். சீக்கிரம் தெரிஞ்சா வைத்தியம் சுலபம். கோளாறு இருக்குன்னு தெரிஞ்சா உங்களுக்கு இந்த வயசுலேருந்தே வருஷா வருஷம் ஸ்கேன் உண்டு, தடுக்கற மாத்திரை உண்டு, வேணும்னு முடிவு பண்றவங்களுக்கு ஆபரேஷனும் உண்டு. எது வேணும்ங்கறதை நீங்கதான் முடிவு பண்ணணும்."

"என் தங்கச்சி தெரிஞ்சுக்கவே வேண்டாம்ங்கறா."

"அதுவும் அவங்க உரிமை. அப்பாவோட முடிவை அவங்ககிட்ட சொல்லணும்னு கட்டாயம் இல்லை. மனசு மாறினா வரட்டும்."

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. டாக்டர்மேல் முதல் தடவையாகக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. அதே நேரத்தில் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அய்யா, இது ஆம்பளைங்களுக்கும் வரும். அபூர்வம்தான். ஆனா இந்தக் கோளாறு இருக்கற ஆம்பளைங்களுக்கு வாய்ப்பு கூட. உங்க மார்புல கட்டி, தடிப்பு, காம்புலேருந்து ரத்தம், அப்படி ஏதாவது?"

பெரியவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்த பார்வையில் பயம் அப்பியிருந்தது. சின்ன வயதில் மழையில் இடி இடித்தால் அப்படித்தான் என்னைப் பார்ப்பாள்.

"ஒன்னும் இல்லை" என்றேன்.

"ஒரு தடவை பாத்துடட்டுமா? சட்டையை மட்டும்—"

"ரத்தம்தானே கேட்டீங்க? ரத்தம் எடுத்துக்குங்க. அதுக்குக் கை போதும்."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். டாக்டர் வற்புறுத்தவில்லை. "எப்ப வேணும்னாலும் வாங்க" என்றாள். ரத்தம் எடுத்தார்கள். பெரியவள் பெரிதாக மூச்சு விட்டாள்.

தங்கச்சி மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் நான் பயப்படுவேன்.

*

திரும்பும்போது பெரியவள் எங்களைக் கடையில் இறக்கிவிட்டு வகுப்புக்குக் கிளம்பினாள். யாரோ ஒரு வாத்தியாருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தர வேண்டுமாம்.

தங்கச்சி அவளோடு போகவில்லை.

"உன்னை வீட்டுல விடச் சொல்லலாமே" என்றேன்.

"ஷட்டரை எறக்கு."

"எதுக்கு? வியாபார நேரம்."

அவளே இறக்கினாள். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையை முழுசாகத் தூக்க வராது. மற்ற கையால் இழுத்தாள். கடை இருட்டானது. மேலே இருந்த சின்ன ஜன்னல் வெளிச்சம் மட்டும், சாய்த்து வைத்த கண்ணாடிகளில்.

"டாக்டரம்மா கேட்டப்ப உன் கை எங்க போச்சு?"

"எங்கயும் போகலை."

"இடது நெஞ்சுக்குப் போச்சு. பாக்கெட்டுல ஏதோ தேடற மாதிரி நடிச்சே. அந்தச் சட்டையில பாக்கெட்டே இல்லை அண்ணா."

நான் கீழே பார்த்தேன். இல்லைதான்.

"அது காய்ப்புடி. கண்ணாடி அழுத்தற எடம். எல்லாக் கண்ணாடிக்காரனுக்கும் இருக்கும்."

"காட்டு."

"தங்கச்சிகிட்ட சட்டையைக் கழட்டறதா? என்ன பேச்சு இது?"

"நான் எத்தனை பேர்கிட்ட கழட்டியிருக்கேன் தெரியுமா?" அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "டாக்டர், நர்ஸ், படம் புடிக்கற பையன், தழும்புக்குக் கட்டு மாத்தறவங்க. எனக்கு மட்டும் வெக்கம் இல்லையா? முதல் தடவை கையில தட்டுப்பட்டப்ப, கொழுப்புக் கட்டின்னு சொல்லிக்கிட்டேன். கோடை முடியட்டும், மழை முடியட்டும்னு தள்ளிப் போட்டேன். சீக்கிரம் போயிருந்தா இவ்வளவு வெட்டியிருக்க மாட்டாங்கன்னு அப்புறம் சொன்னாங்க. நீயும் அதையே பண்ணாதே."

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். "அய்யா, பாத்ரூம் கண்ணாடி ரெடியா?"

"நாளைக்கு வாங்க!" என்று தங்கச்சி கத்தினாள்.

நான் பொத்தான்களைக் கழற்றினேன். பனியனைத் தூக்கினேன். எங்கு திரும்பினாலும் கண்ணாடி. அத்தனையிலும் நரைத்த நெஞ்சோடு ஒரு கிழவன். நான் ஷட்டரைப் பார்த்தபடி நின்றுகொண்டேன்.

அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

"இதோ, இதுதான் உன் காய்ப்பு." வெளியே தடித்திருந்த தோலைக் கிள்ளி அசைத்தாள். "தோலோட நகருது பார். சொரசொரப்பா இருக்கு. இது பரவாயில்லை."

எனக்கு உயிர் வந்தது. "நான்தான் சொன்னேனே!"

"பேசாம இரு."

விரல் காம்புக்குப் பின்னால் போனது. நின்றது. மறுபடி அழுத்தியது. அக்குளுக்குப் போனது, திரும்ப வந்தது. அதே இடத்தில் நின்றது.

"என்ன?" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"என்னடி? வாயைத் திறந்து சொல்லேன்."

"நான் டாக்டர் இல்லை அண்ணா. வேற ஏதாவதாக்கூட இருக்கலாம்." பனியனை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டாள். "ஆனா என்னோடது இப்படித்தான் இருந்துச்சு."

அவள் என் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். சின்ன வயதில் அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பும்போது நான் போட்டுவிடுவேன். இப்போது நான் நின்றேன், அவள் போட்டாள்.

மேஜைமேல் போன் அடித்தது. பெரியவள். தங்கச்சி எடுத்து ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அப்பா, கடைக்குப் போய் ஏதாவது சாப்பிட்டீங்களா? ரத்தம் கொடுத்திருக்கீங்க." பின்னால் வண்டி ஓடும் சத்தம். "ஒன்னு சொல்லணும்னு தோணுச்சு. நீங்க உங்களுக்கு ஒன்னும் இல்லைன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. சின்னவகிட்டயும் சொல்லிட்டேன். பயப்படாதே, அப்பா நல்லாத்தான் இருக்காருன்னு. அவ அழுதுட்டாப்பா, சந்தோஷத்துல. அந்த ரிசல்ட் எப்ப வேணும்னாலும் வரட்டும். இப்ப எனக்குத் தைரியமா இருக்கு."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று உதடு மட்டும் அசைந்தது.

நான் போனை வாங்கினேன்.

"பெரியவளே, வண்டி ஓட்டிக்கிட்டா பேசறே?"

"ஆமாப்பா. ஹெட்செட் போட்டிருக்கேன். வாத்தியார் வீட்டுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன்."

"ஓரமா நிறுத்தும்மா."

"ஏன்ப்பா?"

"நிறுத்து. சொல்றேன்."

இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடிப்பது கேட்டது. எஞ்சின் அணைந்தது.

"நிறுத்திட்டேன்ப்பா" என்றாள் என் மகள்.